பயற்றங்காயில் பூச்சியா? முதலில் போன இரண்டு கிழமை வானிலையைப் பாருங்கள்

கொழும்பில் பயற்றங்காய், கௌப்பி, அவரை, சிறகவரை என்று எதை வைத்தாலும் ஏதோ ஒரு கட்டத்தில் பூச்சி வந்தே தீரும். வந்தவுடன் இலையைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பி, "என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்பதுதான் வழக்கம். அப்படி ஒரு படம் வந்தால் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: போன இரண்டு கிழமையும் அந்தச் செடியின் மேல் மழை விழுந்ததா?

ஊரில் பெய்த மழை வேறு, செடியில் விழுந்த மழை வேறு. வெள்ளவத்தையில் ஐந்தாம் மாடிப் பல்கனி, மேலே இன்னொரு பல்கனியின் கொங்கிறீற். நவம்பர் அடைமழையிலும் உள்பக்கச் சாடிக்கு ஒரு துளி கிடைக்காது. கடற்காற்று இலையை உலர்த்தும், சுவர் சூட்டைத் திருப்பி அடிக்கும். அந்தச் செடி முகவரிக்குத்தான் வெள்ளவத்தை, வளர்வது மன்னாரில். மொட்டைமாடியில் உரப்பையில் வளர்வது மழையையும் வாங்கும், வெயிலையும் முழுதாக வாங்கும். கொட்டாஞ்சேனைப் பக்கம் இரண்டு மதில்களுக்கு நடுவே நிலத்தில் வைத்த கொடிக்கு ஈரம் உண்டு, காற்று இல்லை. மூன்றுக்கும் மூன்று விதமான பூச்சி வரும். ஆகவே உங்கள் செடி நிற்பது காய்ந்த இடமா நனைந்த இடமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கிழமைக் கணக்கு ஏன்? இந்த வெப்பத்தில் சின்னப் பூச்சிகள் பலவற்றுக்கு ஒரு தலைமுறை முடிய ஒன்று முதல் மூன்று கிழமைதான் ஆகும். இன்று கண்ணில் படும் கூட்டம், அன்றைய வானிலையில் உருவானது. குளிர்நாட்டுக் கையேடுகள் வெப்பநிலையைத்தான் முதலில் பார்க்கச் சொல்லும். கொழும்பில் அதனால் பெரிய பயனில்லை. இங்கே வருடம் முழுவதும் மாதச் சராசரி 27 பாகையை ஒட்டியே நிற்கிறது. மாறுவது மழை. ஜனவரி, பெப்ரவரியில் மாதத்துக்கு 100 மில்லிமீற்றரைத் தொடுவதே சிரமம். மே, ஒக்டோபர், நவம்பரில் 300 அளவுக்கு, சில வருடம் அதற்கும் மேல் கொட்டும். எந்தப் பூச்சி பெருகும் என்பதை அந்த ஏற்ற இறக்கமும், கூடவே வரும் ஈரப்பதமும் மேகமும் காற்றுமே முடிவு செய்கின்றன.

சரி, இனி உங்கள் செடியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

முளைத்து இரண்டு மூன்று கிழமைக்குள் மஞ்சளாகி வாடுகிறது

முதலில் விரலை மண்ணுக்குள் விடுங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் சேறாக இருந்து புளித்த மணம் வந்தால் இது பூச்சி வேலையல்ல, வேர் மூச்சுத் திணறுகிறது. சாடியின் அடித்துளை அடைபட்டிருக்கும். துளையைத் திறந்து, சாடியைச் செங்கல்லில் உயர்த்தி வையுங்கள். மே மாதத்தில் வரும் மஞ்சள் இலைகளில் கணிசமானவை இந்த வகைதான். இதற்குப் பூச்சிமருந்து அடிப்பது வீண்செலவு.

மண் அளவான ஈரத்தில் இருந்தும் செடி வாடினால் தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணோடு ஒட்டிய இடத்தில் தடித்து, நெடுக்காக வெடித்திருந்தால் போஞ்சி ஈ. ஒரு செடியைப் பிடுங்கி அந்த இடத்துத் தோலை நகத்தால் மெல்ல உரித்தால் உள்ளே வெள்ளைப் புழுவோ, அரிசிக் குறுணியளவில் கபில நிறக் கூடோ இருக்கும். தாய் ஈ சுமார் இரண்டு மில்லிமீற்றர், பளபளப்பான கறுப்பு. முதல் இலைகளின் மேற்பரப்பில், காம்பை ஒட்டிய பக்கம் அது குத்திய வெளிறிய புள்ளிகள் தெரியும். முட்டையிலிருந்து வரும் புழு நரம்பு வழியாகக் காம்புக்கும், காம்பு வழியாகத் தண்டுக்கும் இறங்கும்.

ஈரமான மண்ணில் நிற்கும் செடி, அடிபட்ட இடத்துக்கு மேலே பக்கவேர் விட்டுத் தப்பிக்கும். காய்ந்த மண்ணில் அந்த வேர் ஓடாது, செடி சாகும். ஆகவே ஒரே அளவு ஈ வந்தாலும் ஜனவரியில் போட்டது அழிந்து, மழைக்காலத்தில் போட்டது ஓரளவு நின்றுபிடிக்கும். செய்ய வேண்டியதும் இதிலிருந்தே வருகிறது. தண்டைச் சுற்றி முதல் இலைக் காம்பு வரைக்கும் மண் அணைத்து, மேலே காய்ந்த இலையோ தும்புத்தூளோ பரப்பி, அந்த மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். புதிதாக விதைக்கிறீர்கள் என்றால் முளைத்த நாளிலிருந்து மூன்று கிழமைக்கு மெல்லிய வலையால் மூடலாம். தண்டுக்குள் போய்விட்ட புழுவை மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் எட்டாது. முழுதாக வாடியதைப் பிடுங்கித் தூரப் போடுங்கள். கூட்டெருக் குழியில் போட்டால் கூட்டிலிருந்து ஈ வெளிவரும்.

குருத்தில் கறுப்பாக மொய்த்திருக்கிறது, எறும்பும் ஓடுகிறது

அழுக்கணவன். பயற்றங்காயில் வருவது பெரும்பாலும் கறுப்பு வகை. வளர்ந்தது பளபளக்கும், குஞ்சு சாம்பல் பூசினாற்போல் இருக்கும். குருத்து சுருண்டு, பிஞ்சு வளைந்து, கீழிலைகள் பிசுபிசுக்கும். அந்தப் பிசுபிசுப்பில் பிறகு கரும்பூஞ்சை படியும்.

இது இணைசேராமலே குட்டி போடும் பூச்சி. பிறந்த குட்டி ஒரு கிழமையில் தானும் போடத் தொடங்கும். மழையில்லாமல் பத்து நாள் போனால் குருத்து நிறைவதற்கு இந்தக் கணக்கே காரணம். இதைக் கட்டுப்படுத்தும் பெரிய சக்தி, அடித்துப் பெய்யும் மழை. கழுவப்பட்டு நிலத்தில் விழுந்தவற்றில் மிகச் சிலவே திரும்ப ஏறும். தூறல் மழையில் இது நடக்காது. தூறலோடு இரண்டு மூன்று நாள் மப்பாக இருந்தால் வேறொன்று நடக்கும். ஈரப்பதம் ஏறி, அழுக்கணவனைத் தாக்கும் பூஞ்சைகள் பரவும். அப்போது செத்து ஊதிய உடல்கள் இலையில் ஒட்டிக் கிடக்கும். அதைப் பார்த்தால் கையை வைக்காமல் விட்டுவிடலாம்.

பல்கனிச் செடிக்கு மழை வராது என்பதால் மழையை நீங்கள்தான் பெய்விக்க வேண்டும். காலையில், கொடியை ஒரு கையால் தாங்கிப் பிடித்து, குருத்தின் அடிப்பக்கத்தில் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு கிழமைக்கு. கீழ்மாடியில் துணி காய்கிறதா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது, தொடர்மாடிச் சண்டைகள் இதைவிடச் சின்ன விஷயத்திலும் தொடங்கியிருக்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு பூச்சியின் மேல் படும்படி தெளியுங்கள். முதலில் இரண்டு இலையில் தெளித்து மறுநாள் கருகலா என்று பாருங்கள். பட்ட பூச்சியைத்தான் அது கொல்லும், காய்ந்தபின் வேலை செய்யாது.

அப்புறம் எறும்பு. அது பிசுபிசுப்புக்காக அழுக்கணவனைக் காவல் காக்கிறது, தின்ன வரும் பொறிவண்டைத் துரத்துகிறது. சாடியைத் தண்ணீர்த் தட்டின் நடுவே கல்லில் ஏற்றி வைத்தால் எறும்பு வராது. ஆனால் அந்தத் தண்ணீரை நாலு நாளுக்கு ஒருமுறையாவது ஊற்றிக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு முட்டையிட அது போதும், கொழும்பில் அதற்கு வழக்கும் போடுவார்கள்.

பொறிவண்டைத் தெரியாதவர் இல்லை. அதன் குஞ்சைத்தான் பலருக்குத் தெரியாது. கறுத்து, நீண்டு, செம்மஞ்சள் புள்ளிகளோடு குட்டி முதலை மாதிரி ஓடும். புழு என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். பெருமழை அழுக்கணவனோடு பொறிவண்டையும் கலைத்துவிடும். மழை விட்டபின் முதலில் திரும்புவது அழுக்கணவன், தின்பவை ஒன்றிரண்டு கிழமை பிந்தியே வரும். அந்த இடைவெளியில் கடும் மருந்து அடித்தால், வந்து சேரும் பொறிவண்டையும் இழந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

தெஹிவளை, கல்கிசைப் பக்கம் வேலியில் கிளிறிசிடியா நிற்கும் வளவுகளுக்கு ஒரு வார்த்தை. இதே கறுப்பு அழுக்கணவன் அந்த மரத்தின் குருத்திலும் இருக்கும். வரட்சியில் உங்கள் கொடி திரும்பத் திரும்ப நிறைந்தால் வேலியை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

இலை மங்கி, ஊசியால் குத்தியதுபோல் வெள்ளைப் புள்ளி

வெள்ளைக் கடதாசியை இலைக்குக் கீழே பிடித்து ஒரு தட்டுத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் சிற்றுண்ணி. எட்டுக்கால், பூச்சியினத்தில் சேராது, ஆனால் செய்கிற சேதம் அதேதான். முற்றிய நிலையில் இலையடியில் மெல்லிய வலை தெரியும். 30 பாகையை ஒட்டிய உலர்ந்த சூட்டில் முட்டை ஒரு கிழமையளவில் வளர்ந்த உண்ணியாகிவிடும். மழை நனைக்கும் நிலத்துச் செடியில் இது அபூர்வம், கூரைக்குக் கீழே நிற்கும் பல்கனிச் செடியில் எந்த மாதமும் வரும். என் அனுபவத்தில் தொடர்மாடிப் பயற்றங்காய்க்கு இதுதான் முதல் எதிரி.

இலையின் அடிப்பக்கத்தை நாள்தோறும் காலையில் தண்ணீரால் கழுவுங்கள். மிகவும் மங்கிய இலைகளைக் கிள்ளிப் பையில் கட்டி எறியுங்கள். சாடியைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னுக்கு இழுத்து, சாரல் படும் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கடையில் "எல்லாப் பூச்சிக்கும்" என்று தரும் மருந்து வேண்டாம். உண்ணியைத் தின்னும் நல்ல உண்ணிகளை அது கொன்று, இந்த உண்ணியைப் பெருக்கிவிடுவது நன்றாக அறியப்பட்ட விஷயம்.

பூ வருகிறது, உதிர்கிறது

இதில் அவசரப்பட வேண்டாம். பயற்றங்காய்ப் பூ விடியலில் விரிந்து மத்தியானத்துக்குள் மூடிவிடும். இதழ் வாடி விழுந்தும் காம்பில் பிஞ்சு நின்றால் எல்லாம் ஒழுங்காகத்தான் நடக்கிறது. காம்போடு விழுந்தால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

போன நாட்களில் இரவும் புழுங்கியதா? மார்ச், ஏப்ரலில் காற்று நின்று இரவிலும் வெப்பம் இறங்காதபோது மகரந்தம் சரியாக வெளிவராமல் பூ கொட்டும். மருந்தில்லை, மழை இறங்கக் காத்திருக்க வேண்டும். யூரியா அதிகமாகப் போட்டிருந்தாலும் கொடி இலையாகப் போய்ப் பூவை விடும், அழுக்கணவனும் அந்த மெத்தென்ற குருத்தைத் தேடி வரும். இந்தச் சூட்டில் போஞ்சி வைத்தவர்களுக்கு ஒரு ஆறுதல்: அது வெலிமடை, நுவரெலியாவின் பயிர், கொழும்பில் பூவைக் கொட்டினால் குற்றம் உங்களுடையதல்ல.

இவை இரண்டும் இல்லையென்றால் விரிந்த பூ ஒன்றை வெள்ளைக் கடதாசியில் உதறுங்கள். ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நீளத்தில் மெலிந்த பூச்சிகள் ஓடினால் பனிப்பூச்சி. பெயரில்தான் பனி இருக்கிறது, பெருகுவது காய்ந்த நாட்களில். மழை பூவுக்குள் புகுந்து அவற்றைக் கழுவும், மண்ணில் கூட்டுப்புழுப் பருவத்தில் கிடப்பவற்றையும் அழிக்கும். மழையில்லாத இடத்தில் சாடி மண்ணின் மேற்பரப்பைக் கிளறி நன்றாக நனைப்பது, விழுந்த பூக்களைப் பொறுக்குவது, நீல நிற ஒட்டுத்தாள் தொங்கவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் குறையும்.

பூவும் பிஞ்சும் நூலால் பின்னிக் கிடக்கின்றன, காயில் துளை

இப்போது மறுபக்கத்துக்கு வந்துவிட்டோம். இது ஈரத்தின் பூச்சி. மருக்கா எனப்படும் காய் துளைப்பான். வெளிர்நிற உடலில் வரிசையாகக் கரும்புள்ளிகள். துளை வாயில் ஈரமான எச்சம் தள்ளியிருக்கும். அந்துப்பூச்சி இரவில் பறக்கும். மப்பான நாள், குறைந்த வெயில், ஈரப்பதம் நிறைந்த இரவு அதற்கு வாய்ப்பு. கொழும்பில் மே கடைசி முதல் ஜூன் வரையும், மீண்டும் ஒக்டோபர், நவம்பரிலும் பந்தல் அடர்ந்து பூத்திருந்தால் எதிர்பாருங்கள்.

நாம் தவறவிடுவது நேரத்தை. தாய் மொட்டிலும் பூவிலும் முட்டையிடும், மூன்று நாளளவில் குஞ்சு பொரித்து முதலில் பூவுக்குள்ளேயே தின்னும். காயில் துளை தெரியும்போது அது பாதி வளர்ந்து உள்ளே பத்திரமாக இருக்கும். அப்போது எதைத் தெளித்தாலும் காயின் தோலில்தான் படும். ஆகவே துளையைத் தேடாதீர்கள், பூவைத் தேடுங்கள். ஒட்டிக்கொண்ட இதழ், கருகிய மொட்டு, சின்ன நூல் ஆகியவை முதல் அறிகுறி. அப்படிப்பட்ட பூக்களை ஒருநாள் விட்டு ஒருநாள் கிள்ளிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டால், வீட்டுத்தோட்ட அளவுக்கு அது மருந்தைவிட மேல். பந்தலின் உள்ளே காற்றோடும்படி முதிர்ந்த இலைகளை நறுக்கிவிடுங்கள். கூட்டுப்புழு நிலத்துச் சருகில் இருக்கும் என்பதால் ஈரக்காலத்தில் அடியைக் கூட்டி வையுங்கள். போஞ்சி ஈக்குச் சருகு பரப்பச் சொன்னேனே என்று கேட்பீர்கள். அது நாற்றுக்கு, இது பூக்கும் கொடிக்கு.

பி.டி. எனப்படும் பற்றீரியா மருந்து கிடைத்தால், பூக்கத் தொடங்கும்போது மாலையில் தெளிக்கலாம். வெயில் அதைச் சிதைக்கும், மழை கழுவும். ஒக்டோபரில் கொழும்புக்கு இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். அது பெய்து ஓய்ந்து இலை உலர்ந்தபின், இருட்டுவதற்கு முன் கிடைக்கும் நேரம்தான் வசதி. அன்றைய முன்னறிவிப்பை வளிமண்டலவியல் திணைக்களம் தமிழிலும் வெளியிடுகிறது, பார்த்துவிட்டுக் கலக்குங்கள்.

நூல் இல்லை, துளை மட்டும் வட்டமாக இருக்கிறது என்றால் வேறு ஆள். பச்சையாகத் தட்டையாக, நத்தை உடல்போல் ஊரும் புழு ஒன்று உள்ளே இருக்கும். சின்ன நீல வண்ணத்துப்பூச்சியின் குஞ்சு. அது வெயிலில் பறப்பது, ஆகவே மழை விட்டுத் தெளிந்த நாட்களுக்குப் பிறகு வரும். கையால் பொறுக்கினால் போதும்.

காய் நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே மணி சுருங்கியிருக்கிறது

காயுறிஞ்சும் மூட்டுப்பூச்சி. ஒல்லியான கபில நிறப் பூச்சி ஒன்று, பச்சைக் கவசப் பூச்சி இன்னொன்று. ஒல்லி வகையின் குஞ்சு அச்சு அசல் எறும்பு மாதிரி இருக்கும், எறும்பென்று விட்டுவிடுவோம். வெயில் ஏறினால் கிட்டப் போகுமுன் பறந்துவிடும். விடியலில் இலை நனைந்திருக்கும்போது உடல் சூடேறாமல் மந்தமாக நிற்கும். ஆறு, ஆறரைக்குள் சவர்க்காரத் தண்ணீர் வாளியைக் கீழே பிடித்துக் கொடியை உதறுங்கள்.

இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டு

கொடியை அசைத்தால் வெள்ளைத் தூள் பறப்பதுபோல் ஈக்கள் எழும்பினால், வெள்ளை ஈ காவிய வைரசுதான் முதல் சந்தேகம். பயறு, உளுந்தில் இது கடுமை. சூடான உலர்நாட்களில் வெள்ளை ஈ பெருகும், பலத்த மழை குறைக்கும். ஆனால் மழை வந்து ஈ குறைந்தாலும் ஏற்கெனவே நோய் ஏறிய செடி தேறாது. பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் ஒட்டுத்தாள் ஈயின் வரவைக் காட்டும், தடுக்காது.

ஒரே இரவில் நாற்று காணாமல் போனது

மழை பெய்த இரவா? டோர்ச் லைட்டோடு போய்ப் பாருங்கள், காய்ந்தபின் மினுங்கும் வழுவழுப்பான தடம் இருந்தால் ஆபிரிக்க நத்தை. பொறுக்குவது தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. வெறுங்கையால் தொடாதீர்கள். தடம் இல்லாமல், ஓரிடத்து இலைகள் மட்டும் சல்லடையாகியிருந்தால் இலையடியில் கபில மயிர் மூடிய முட்டைக் கூட்டத்திலிருந்து வந்த புழுக்கள். நீண்ட வரட்சிக்குப் பிறகு விழும் முதல் மழையை ஒட்டி இவை திடீரென்று பெருகலாம். குஞ்சுகள் கலைந்து போவதற்கு முன் அந்த ஓர் இலையைப் பறித்தால் முடிந்தது.

எந்தத் தலைப்பிலும் பொருந்தாவிட்டால் 1920 என்ற விவசாயத் திணைக்கள ஆலோசனை இலக்கத்துக்கு எடுங்கள். மழை எப்போது பெய்தது, செடி கூரைக்குக் கீழா வெளியிலா என்ற இரண்டையும் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறைக்கு வைத்த விதையில் ஓட்டை

இதுவும் தோட்டத்திலிருந்தே வருவதுதான். பயறு வண்டு முற்றிய காயிலேயே முட்டையிட்டு, விதையோடு வீட்டுக்கு வந்துவிடும். 30 பாகை, 70 வீத ஈரப்பதம், அதாவது கொழும்புச் சமையலறை அலுமாரி, அதற்கு மிகவும் பிடித்த நிலை. மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தலைமுறை. விதையில் ஒட்டிய வெண்புள்ளி முட்டை, வட்டத் துளை வண்டு வெளியேறிய வழி.

மழைக்காலத்தில் காய்ந்த காயைக் கொடியில் விட்டுவைக்காதீர்கள், காய்ந்ததும் காய்ந்ததுமாகப் பறியுங்கள். வெயில் கிடைக்கும் நாளில் உலர்த்தி, ஆறவிட்டு, காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் ஒரு கிழமை வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் மூடியைத் திறக்கக்கூடாது. இங்கத்தைய ஈரக்காற்று குளிர்ந்த விதையில் வியர்த்துப் படியும். போத்தல் அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட்டு, பிறகு திறங்கள். உறைபெட்டியில் இடமில்லாதவர்கள் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, ஒவ்வொரு மணியிலும் படும்படி பிசறி வைக்கலாம். முட்டை பொரிக்காது, ஆனால் எண்ணெய் பூசிய விதையை அடுத்த பருவத்திலேயே போட்டுவிடுங்கள்.